ஒப்பந்தம் எழுதும் முன் வீட்டு விற்பனையிலிருந்து விலகுவது எப்படி?

தமிழ்நாட்டில் வீடு விற்கப் பேசிவிட்டுப் பின்வாங்க நினைப்பவர்கள், 'இன்னும் அக்ரிமெண்ட் போடவில்லையே' என்று தைரியமாக இருந்துவிடுகிறார்கள். விலை மட்டும் பேசியிருந்தால் அந்தத் தைரியம் பெரும்பாலும் நியாயமானதே. டோக்கன் அட்வான்ஸ் கைமாறியிருந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

முதலில், நீங்கள் எழுதிக் கொடுத்த டோக்கன் ரசீதை எடுத்துப் படியுங்கள். இன்ன தொகை பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் இருந்தால் பெரிய சிக்கல் இல்லை. கதவு எண், பேசிய விலை, மீதித் தொகை தர வேண்டிய நாள், இரு தரப்புக் கையெழுத்து ஆகியவை அதில் இருந்தால், தலைப்பில் 'ரசீது' என்று இருந்தாலும் நீதிமன்றம் அதை ஒப்பந்தமாகவே கருத இடமுண்டு. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம் என்றாலும், பதிவாகாத ஒப்பந்தத்தைக்கூட, அதை நிறைவேற்றித் தரக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கப் பதிவுச் சட்டத்தின் 49ஆம் பிரிவு வழிவிடுகிறது. இப்படி ஒரு சீட்டு உங்கள் கையெழுத்தோடு வெளியே இருந்தால், அடுத்த அடி வைக்கும் முன் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

முடிவெடுத்துவிட்டால், வாங்குபவரிடம் நீங்களே பேசுங்கள். தரகர் வாயிலாகப் போகும் சேதி 'விலையை ஏற்றப் பார்க்கிறார்' என்றே போய்ச் சேரும். பேசிய அன்றே எழுத்திலும் தெரிவித்துவிடுங்கள். 'ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன்' என்று எழுதினால், ஒப்பந்தம் ஒன்று இருந்ததாக நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். 'வீடு விற்பது குறித்த பேச்சைத் தொடர விருப்பமில்லை. தாங்கள் கொடுத்த முன்பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன்' என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, பொய்க் காரணம் சொல்லவே வேண்டாம்.

பணத்தை முழுவதுமாக, வங்கி வழியாகவே திருப்புங்கள். சொத்து விற்பனைக்கான முன்பணம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் அதை ரொக்கமாகத் திருப்பித் தருவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் அதே தொகை அளவுக்கு அபராதம் வரலாம். வாங்குபவர் கணக்கு எண் தர மறுத்தால், பணம் வந்த கணக்குக்கே அனுப்பலாம், அல்லது காசோலையை ஒப்புகை அட்டையுடன் அஞ்சலில் அனுப்பலாம். 'டோக்கன் போல இரண்டு மடங்கு தர வேண்டும்' என்று தரகர்கள் சொல்வது ஊர் வழக்கமே ஒழியச் சட்டமன்று. எழுத்தில் அப்படி ஒப்புக்கொண்டிருந்தாலும், நியாயமான இழப்பீடு எவ்வளவு என்பதை நீதிமன்றமே முடிவு செய்யும். வாங்குபவர் பத்திரங்களைச் சரிபார்க்க வக்கீலுக்குக் கொடுத்த கட்டணத்தை நீங்களாகவே ஏற்றுக்கொள்வது என் பார்வையில் முறையானது. மனக்கசப்பும் பாதியாகக் குறையும்.

பணம் திரும்பிய நாளிலேயே ரசீதின் அசலை வாங்கிக்கொண்டு, 'முன்பணம் முழுவதும் திரும்பப் பெற்றேன், மேற்படி வீட்டின் மீது எனக்கு எவ்வித உரிமைக் கோரிக்கையும் இல்லை' என்று வாங்குபவரின் கையெழுத்தையும் சாட்சிகள் இருவரின் கையெழுத்தையும் பெறுங்கள். தரகரிடம் கையெழுத்திட்ட வெற்று முத்திரைத்தாள் இருந்தால் அதையும் விடாமல் கேட்டு வாங்குங்கள். அவருக்குப் பதிவு செய்த பவர் பத்திரம் கொடுத்திருந்தால், அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் பதிந்து நீக்க வேண்டும். வீட்டில் வைத்துக் கிழித்துப் போட்டால் செல்லாது.

வக்கீல் நோட்டீஸ் வந்தால், அதில் குறித்த கெடுவுக்குள் வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள். அந்தத் தகராறு தீரும் வரை வேறு எவரிடமும் அட்வான்ஸ் வாங்காதீர்கள்.