கீபோர்ட்காரரிடம் கேட்டீர்களா? புதிய இசைக்குழுக்களைத் தேடுவதில் நாம் விடும் தவறுகள்

"யாழ்ப்பாணத்தில நல்ல பாண்ட் ஒண்டும் இல்லையே?" இப்படிக் கேட்கிற பலர், அப்படியொரு பாண்டில் வாசிக்கிற ஆளை முதல் நாள் இரவு கோயில் மேடையில் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். பார்த்தது தெரியாது, அவ்வளவுதான்.

திருவிழா இசை நிகழ்ச்சி என்றால் பெரும்பாலும் சினிமாப் பாட்டுத்தான். தெரிந்த பாட்டு வந்ததும் விசில், முடிந்ததும் கச்சான் சரையோடு வீடு. ஆனால் பாடகருக்குப் பின்னால் இருட்டில் நிற்கிற கீபோர்ட்காரரோ, பாஸ் கிட்டார் வாசிக்கிற பெடியனோ சொந்தமாக நாலு பாட்டுச் செய்து யூரியூப்பில் போட்டிருக்கக்கூடும். மேடையில் அதற்கு இடமில்லை. அவருக்குக் காசு கொடுப்பது சினிமாப் பாட்டுக்கு. ஆகவே முன்னுக்கு நிற்பவரை மட்டும் பார்ப்பதுதான் முதல் தவறு, என் கணக்கில் பெரிய தவறும் அதுதான். வயர் சுற்றுகிற நேரத்தில் போய், "தம்பி, உங்கட சொந்தப் பாட்டு ஏதும் இருக்கோ?" என்று கேளுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டே போனை எடுப்பார்.

வீட்டிலிருந்து தேடும்போதும் இதே கதை. பாட்டின் கீழே உள்ள விவரத்தை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை. வரிகள், வயலின், மிக்ஸிங் (குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலப்பது) யார் என்று அங்கேதான் இருக்கும். ஒரே பெயர் மூன்று பாட்டில் வந்தால் அந்த ஆளைப் பின்தொடருங்கள். மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் கர்நாடக வயலின் படித்த ஒருவர் சொல்லிசைப் (ராப்) பாட்டில் வாசித்திருப்பதைக் காண்பது ஒரு தனிச் சந்தோசம்.

பார்வை எண்ணிக்கையை நம்புவது இன்னொன்று. செயலிகள் பரிந்துரைப்பது, உங்களைப் போன்றவர்கள் ஏற்கெனவே கேட்டதை வைத்து. ஒருவரும் கேட்காத பாட்டு அந்த வழியால் உங்களிடம் வருவது அரிது.

அப்புறம் ஒலித்தரம். முதல் பாட்டை அநேகமாகப் படுக்கையறையில்தான் பதிவார்கள், மின்விசிறியை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டு நாய் குரைக்காத நேரம் பார்த்து. சத்தம் சரியில்லை என்று நானும் ஒருகாலம் பத்து வினாடியில் தள்ளிவிடுவேன். காசு வந்தால் மிக்ஸிங் திருந்தும். மெட்டும் வரியும் அப்படித் திருந்தாது, அவற்றைக் கேளுங்கள்.

யாழ்ப்பாணப் பாட்டென்றால் பனையும் போரும் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, முக்கியமாக வெளிநாட்டிலிருந்து கேட்பவர்களிடம் உண்டு. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பொப் பாடிய காலத்திலேயே நம்மவர்கள் தமிழில் துள்ளிக் குதித்தவர்கள். இன்றைக்கு ஒரு பெடியன் காதல் தோல்வியை எலக்ட்ரோனிக் தாளத்தில் பாடினால் அதுவும் இந்த ஊர்ப் பாட்டுத்தான்.

சரி, பாட்டுப் பிடித்துவிட்டது. அதை எம்பித்ரீயாக இறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், இணைப்பை அனுப்புங்கள். ஸ்பொட்டிஃபை என்கிற பாட்டுச் செயலியில் 30 வினாடி கேட்டால்தான் ஒரு தடவை என்று கணக்கு. 2024 இலிருந்து, 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே ஒரு சதமும் கிடையாது. கனடாவில் இருக்கிற மாமாவுக்கு நீங்கள் அனுப்பிய எம்பித்ரீயை அவர் நாள் முழுக்கக் கேட்டாலும் அந்த ஆயிரத்தில் ஒன்றுகூடச் சேராது.