பைக்கில் செக் இன்ஜின் லைட் எரிகிறதா? எரர் கோடை வீட்டிலேயே படித்து அழிக்கும் முறை

மீட்டரில் மஞ்சள் நிற இன்ஜின் படம் எரிந்து அணையாமல் நின்றால், கேட்காமலேயே வரும் யோசனை ஒன்று உண்டு: "பேட்டரியைக் கழட்டி மாட்டுங்க, போயிடும்." பழைய வண்டிகள் சிலவற்றில் போகும். இப்போதைய பிஎஸ்6 வண்டிகளில் பெரும்பாலும் போகாது. என்ன கோளாறு என்பதைக் குறிக்கும் எரர் கோடை, மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்தில் இசியூ எனும் இன்ஜின் கம்ப்யூட்டர் எழுதி வைத்துவிடுகிறது. ராத்திரி முழுக்க பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் காலையில் அது அங்கேயேதான் இருக்கும். உங்களுக்கு மிஞ்சுவது, மறுபடி நேரம் செட் செய்ய வேண்டிய கடிகாரமும், சில வண்டிகளில் கொஞ்ச நேரம் தடுமாறும் ஐட்லிங்கும்தான்.

ஸ்பேனர் பிடித்துப் பழகாதவரும் செய்யக்கூடிய வேலை இது. வரிசை மட்டும் மாறக் கூடாது: கோடைப் படிக்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும், காரணத்தைச் சரி செய்ய வேண்டும், கடைசியில்தான் அழிக்க வேண்டும். முதலிலேயே அழித்தால் லைட் அணையும். என்ன கோளாறு என்று சொல்ல இருந்த ஒரே சாட்சியும் கூடவே போய்விடும்.

தேவையான சாமான்கள்

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் விற்ற பிஎஸ்6 இருசக்கர வண்டிகளில் ஓபிடி எனும் தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு கட்டாயம். 2023 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டம் வந்தது. இந்த வண்டிகள் பலவற்றில் ஐஎஸ்ஓ 19689 தரத்தில் ஆறு பின் கொண்ட கப்ளர் (ஒயர்களைச் சொருகி இணைக்கும் பிளக்) ஒன்று இருக்கும். சீட்டுக்கு அடியிலோ சைடு பேனலுக்கு உள்ளேயோ, ரப்பர் மூடி போட்டு, வேறு எதிலும் சொருகாமல் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் சிவப்பு நிறம்.

வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வண்டி சொல்வதைப் போனுக்கு அனுப்பும் இஎல்எம் 327 வகை ப்ளூடூத் அடாப்டர். இன்னொன்று, அந்த ஆறு பின்னைக் கார்களில் இருக்கும் பதினாறு பின் சாக்கெட்டாக மாற்றும் கேபிள். ஆறு பின் என்பதாலேயே எல்லாம் ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். கப்ளர் ஒரே உருவத்தில் இருந்தும் உள்ளே ஒயர் வரிசை மாறும் வண்டிகள் உண்டு, அதிலும் பிஎஸ்4 காலத்து வண்டிகளில். உங்கள் மாடலின் பெயரைச் சொல்லி விற்கும் கேபிளை மட்டும் வாங்குங்கள்.

அடாப்டரைப் பற்றி ஒரு வார்த்தை. இஎல்எம் 327 சிப்பை உருவாக்கிய கனடா நிறுவனம் 2022-ல் கடையை மூடிவிட்டது. சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை நகல்கள். 'வெர்ஷன் 1.5' என்று பெட்டியில் போட்டு விற்கிறார்களே, அந்த நிறுவனம் அப்படி ஒரு வெர்ஷனை வெளியிட்டதே இல்லை! இருந்தும் நகல்களுக்குள் 1.5 என்று வருபவை 2.1 என்று வருபவற்றைவிட ஒழுங்காக வேலை செய்கின்றன என்பதே பொதுவான அனுபவம். ஐபோன் வைத்திருப்பவர்கள் சாதாரண ப்ளூடூத் அடாப்டரை வாங்கி ஏமாற வேண்டாம். பிஎல்இ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் ப்ளூடூத்) அல்லது வைஃபை வகைதான் அதில் இணையும். ஆப் என்றால் 'கார் ஸ்கேனர்' போதும். பெயரில் கார் இருந்தாலும் பைக்கிலும் படிக்கும்.

படி 1: பேட்டரியைப் பாருங்கள்

மல்டிமீட்டர் இருந்தால் வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்ற பிறகு அளந்து பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். வோல்ட்டேஜ் தள்ளாடினால் சம்பந்தமே இல்லாத சென்சார்களின் பெயரில் கோடு வரும். இரண்டு மூன்று கோடுகள் ஒரே நேரத்தில் வந்தால் முதல் சந்தேகம் பேட்டரி டெர்மினல் போல்ட் லூஸ், அல்லது ஏர்த் ஒயர்.

படி 2: மாட்டிப் படியுங்கள்

வண்டியை நியூட்ரலில் நிறுத்துங்கள். சாவி ஆஃபில் இருக்கும்போதே கேபிளையும் அடாப்டரையும் சொருகுங்கள். பிறகு கில் சுவிட்சை ஓடும் நிலையில் வைத்துச் சாவியை ஆன் செய்யுங்கள். செல்ஃப் போட வேண்டாம். போனில் ப்ளூடூத்தில் தேடினால் 'ஓபிடி 2' என்பதுபோல ஒரு பெயர் வரும். கடவுச்சொல் பெரும்பாலும் 1234 அல்லது 0000.

ஆப்பில் இணைந்ததும் எரர் கோடு பகுதிக்குப் போய்ப் படிக்கச் சொல்லுங்கள். வருவதை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அங்கேயே 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று ஒன்று இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். கோளாறு பதிவான கணத்தில் ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு என்று இசியூ பிடித்து வைத்த படம் அது. கோடை அழித்தால் அதுவும் அழியும், திரும்பக் கிடைக்காது. வண்டி வாரண்டியில் இருந்தால் அழிக்கவே வேண்டாம். ஸ்க்ரீன்ஷாட்டோடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

படி 3: கோடு என்ன சொல்கிறது

முதல் எழுத்து பி என்றால் இன்ஜின் சார்ந்தது, சி என்றால் பிரேக் போன்றவை, யு என்றால் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் லைனில் கோளாறு. அடுத்த எண் 0 என்றால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு. 1 என்றால் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோடு, அதற்கு மாடலின் சர்வீஸ் மேனுவல் வேண்டும். அடிக்கடி கண்ணில் படுபவை:

- பி0107, பி0108: இன்டேக் காற்றழுத்த சென்சார்
- பி0112, பி0113: உள்ளே போகும் காற்றின் வெப்ப சென்சார்
- பி0117, பி0118: இன்ஜின் வெப்ப சென்சார்
- பி0122, பி0123: த்ராட்டில் பொசிஷன் சென்சார்
- பி0131, பி0132: சைலன்சர் பக்கத்து ஆக்சிஜன் சென்சார்
- பி0201: இன்ஜெக்டர் லைன்
- பி0562: வோல்ட்டேஜ் குறைவு

இவற்றில் பல ஏன் ஜோடியாக வருகின்றன என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்று 'லோ', மற்றது 'ஹை'. பி0118-க்கு 'இன்ஜின் வெப்பம், ஹை' என்று ஆப் காட்டியதும் இன்ஜின் கொதிக்கிறது என்று பதறி ஆயில் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த 'ஹை' வோல்ட்டேஜைக் குறிக்கிறது, சூட்டை அல்ல. இசியூ ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட்டை வெப்ப சென்சாருக்கு அனுப்புகிறது. சென்சார் சூடாகச் சூடாக அதன் தடை குறைந்து அந்த வோல்ட்டேஜைக் கீழே இழுக்கும். கப்ளர் கழன்றாலோ ஒயர் அறுந்தாலோ இழுக்க ஆளில்லை. 5 வோல்ட் அப்படியே நிற்கும். இசியூவின் கணக்கில் அது நம்ப முடியாத குளிர். அதனால்தான் சில வண்டிகளில் லைவ் டேட்டாவில் (சென்சார்கள் அந்த நொடி சொல்வதை ஆப் காட்டும் பகுதி) மைனஸ் 40 டிகிரி காட்டும். ஆக வெப்ப சென்சாரில் 'ஹை' வந்தால் அறுந்த ஒயரையோ கழன்ற கப்ளரையோ தேடுங்கள். 'லோ' வந்தால் ஒயர் தோல் உரிந்து சேஸிஸில் உரசுகிறதா என்று தேடுங்கள். இரண்டுக்கும் சென்சாரை மாற்றுவது கடைசி யோசனை.

படி 4: கோளாறைத் தேடுங்கள்

சாவியை ஆஃப் செய்துவிட்டு, கோடு சொன்ன சென்சாரின் கப்ளரைக் கழற்றுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். லாக்கை அழுத்தி, கப்ளரின் உடலைப் பிடித்து இழுக்க வேண்டும். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வாட்டர் வாஷ் கொடுத்த மறுநாள் லைட் எரிந்தது என்றால் பெரும்பாலும் இதுதான் கதை. கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காய விட்டு, 'டிக்' என்று சத்தம் வரும்வரை திரும்பச் சொருகுங்கள். நாள்கணக்கில் நின்ற வண்டியானால் எலி கடித்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு ஒயர் வளையும் இடங்கள். ஹேண்டில்பார் திரும்பும்போதெல்லாம் மடங்கும் கோன்செட் பகுதிதான் முதல் குற்றவாளி. இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு அங்கே ஒயர்க் கட்டை மெல்ல அசைத்துப் பாருங்கள். இன்ஜின் தடுமாறினால் இடம் கிடைத்துவிட்டது.

லைவ் டேட்டாவும் பேசும். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவி போட்டால் இன்ஜின் வெப்பமும் உள்ளே போகும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக, வெளி வெப்பத்துக்கு அருகில் இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மெதுவாக முறுக்கினால் த்ராட்டில் சதவீதம் குதிக்காமல் சீராக ஏற வேண்டும். இன்ஜின் ஓடாதபோது இன்டேக் அழுத்தம் என்பது வெளிக் காற்றின் அழுத்தமே: சென்னையில் 100 கிலோபாஸ்கல் ஒட்டி இருக்கும், ஊட்டியில் 77, 78 காட்டினால் அது கோளாறு இல்லை, மலை.

படி 5: அழியுங்கள்

இது ஒரு நிமிட வேலை. சாவி ஆன், இன்ஜின் ஆஃப். ஆப்பில் 'க்ளியர்' அழுத்துங்கள், உறுதி கேட்டால் சரி என்று கொடுங்கள். சாவியை ஆஃப் செய்து அரை நிமிடம் விட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். சாவி போட்டதும் லைட் ஒருமுறை எரிவது பல்பு சோதனை. பல வண்டிகளில் இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகுதான் அணையும். அதைப் பார்த்து அழியவில்லை என்று முடிவு செய்யாதீர்கள். ஸ்டார்ட் செய்து, ஒரு ரவுண்டு ஓட்டி வந்து, திரும்பப் படித்துப் பாருங்கள்.

ஒயர் அறுந்தது போன்ற கோளாறு சரியாகவில்லை என்றால் சாவி போட்ட சில நொடிகளிலேயே கோடு திரும்பி வரும். ஆக்சிஜன் சென்சார் சார்ந்தவை பெரும்பாலும் இன்ஜின் சூடாகி ஓடிய பிறகே வரும். அழிக்காமல் விட்டாலும், கோளாறு உண்மையாகவே தீர்ந்திருந்தால் ஓபிடி விதிப்படி தொடர்ந்து மூன்று ஓட்டச் சுற்றுகள் (ஸ்டார்ட் செய்து, ஓட்டி, நிறுத்துவது ஒரு சுற்று) சுத்தமாகப் போனதும் லைட் தானே அணையும். நினைவகத்திலிருந்து கோடு போக இன்ஜின் 40 தடவை குளிர்ந்து சூடாக வேண்டும். அவசரமில்லாதவர்கள் ஓட்டியே தீர்த்துக்கொள்ளலாம்.

ஹோண்டா வைத்திருப்பவர்களுக்கு

ஹோண்டாவில் நான்கு பின் சிவப்பு கப்ளர் வரும் மாடல்கள் பல. அவற்றில் ஸ்கேனர் இல்லாமலேயே லைட் மின்னுவதை எண்ணிக் கோடு படிக்கலாம். நீளமாக ஒரு மின்னல் என்றால் பத்து, குட்டையாக ஒன்று என்றால் ஒன்று. இரண்டு நீளம், ஒரு குட்டை: 21, ஆக்சிஜன் சென்சார். ஒன்பது குட்டை: காற்று வெப்ப சென்சார்.

அழிக்க, கப்ளரின் குறிப்பிட்ட இரண்டு பின்களை ஜம்பர் ஒயரால் இணைத்து, சாவியை ஆன் செய்து, ஜம்பரை எடுக்க வேண்டும். லைட் ஐந்து நொடி போல எரியும். அது அணைவதற்குள் ஜம்பரைத் திரும்ப இணைத்தால் லைட் அணைந்து மின்னத் தொடங்கும். அழிந்துவிட்டது என்று அர்த்தம். எந்த இரண்டு பின் என்பதை உங்கள் மாடலின் மேனுவலில் படம் பார்த்த பிறகே தொடுங்கள். தப்பான பின்னில் ஜம்பர் பட்டால் இசியூவே போகக்கூடும், அதன் விலை ஆயிரங்களில்.

ஏபிஎஸ் லைட்

ஏபிஎஸ்ஸுக்குத் தனி கம்ப்யூட்டர். மேலே சொன்ன சாதாரண ஆப்புகள் பெரும்பாலும் அதனுடன் பேசாது. ஆனால் செயின் லூப் அடிக்க சென்டர் ஸ்டாண்டில் வண்டியை ஏற்றி, கியர் போட்டுப் பின் சக்கரத்தை ஓட விட்டீர்களா? முன் சக்கரம் நிற்கிறது, பின் சக்கரம் மட்டும் சுற்றுகிறது என்றதும் அது குழம்பி லைட்டைப் போட்டிருக்கும். சாவியை ஆஃப் செய்து ஆன் செய்து கொஞ்ச தூரம் ஓட்டினாலே அணைந்துவிடும். அணையவில்லை என்றால் சக்கரத்தில் இருக்கும் ஓட்டை ஓட்டையான வளையத்தையும் அதன் எதிரே உள்ள சென்சார் முனையையும் துணியால் துடைத்துப் பாருங்கள். அதற்கு மேல் வீட்டில் கை வைக்க வேண்டாம், பிரேக் சமாச்சாரம்.

மஞ்சள் லைட் ஓட்டும்போது விட்டு விட்டு மின்னினாலும் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. அது மிஸ்ஃபயரின், அதாவது இன்ஜினுக்குள் பெட்ரோல் சரியாகப் பற்றாததன், அடையாளமாக இருக்கலாம். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி ஓரம் கட்டுங்கள். மெக்கானிக்கிடம் போகும்போது "லைட் எரியுதுண்ணே" என்பதோடு நிறுத்தாமல், எடுத்து வைத்த ஸ்க்ரீன்ஷாட்டை முதலில் நீட்டுங்கள்.