அப்டேட் ஆன பிரௌசரில் கைவைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் பொதுச்சேவை மையம் வைத்திருக்கிறேன். நவம்பர் இரண்டாம் வாரம் எங்கள் ஊரில் எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் 15. அடங்கல், சிட்டா, பாஸ்புக் நகல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு காலை எட்டு மணிக்கே திண்ணையில் ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள்.

அப்படி ஒரு காலையில் நான் உள்ளே நுழையும்போதே வேலை பார்க்கும் பெண் கலங்கிப்போய், "எல்லாம் காணும்ண்ணே" என்றாள். பிரௌசர் அப்டேட் ஆகியிருந்தது. டேப்களின் வடிவம் மாறி, பட்டன்கள் இடம் மாறி, மேலே வரிசையாக இருந்த புக்மார்க் பட்டையும் இல்லை. பயந்துபோய் பிரௌசரையே நீக்கிவிட்டு மறுபடி ஏற்றியிருக்கிறாள். நீக்கும்போது 'உங்கள் தரவுகளையும் அழிக்கவா' என்று கேட்ட கட்டத்தில் டிக் போட்டுவிட்டாள். நான்கு வருடமாகச் சேர்த்த புக்மார்க்குகள் அத்தோடு போயின. அன்று மதியம் வரை ஒவ்வொரு முகவரியாகத் தேடிப் பிடித்தோம். திண்ணையில் இருந்தவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

முதலில் அந்தப் பட்டை மறைந்து மட்டும்தான் இருந்தது. கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தியிருந்தால் வந்திருக்கும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டுக்கும் இதே சாவிதான். ஃபயர்ஃபாக்ஸில் மெனு பட்டையைக் காணவில்லை என்றால் ஆல்ட் சாவியைத் தட்டினால் எட்டிப் பார்க்கும். பட்டன் இடம் மாறியிருந்தால் கருவிப்பட்டையில் ரைட் கிளிக் செய்து, கஸ்டமைஸ் திரையில் பழைய இடத்துக்கு இழுத்துவிடலாம். நீக்கி ஏற்றுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. ஏனென்றால் பிரௌசர் என்பது இரண்டு பொருள். ஒன்று நிரல், இன்னொன்று புரொஃபைல் என்கிற ஃபோல்டர். அப்டேட் மாற்றுவது நிரலை. புக்மார்க், கடவுச்சொல், ஹிஸ்டரி எல்லாம் புரொஃபைலில் இருக்கின்றன. தோற்றம் பிடிக்கவில்லை என்ற கோபத்தில் நாம் புரொஃபைலில் கைவைத்துவிடுகிறோம்.

அதனால் எதையும் மாற்றுவதற்கு முன் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ அழுத்துங்கள். புக்மார்க் மேலாளர் திறக்கும். அதிலிருந்து எல்லாவற்றையும் ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து பென்டிரைவில் போட்டு வையுங்கள். இரண்டு நிமிட வேலை. கடவுச்சொற்கள் இதில் வராது, அவற்றைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, 'பழைய பதிப்பே போதும்' என்று ஏதோ ஒரு தளத்திலிருந்து பழசை இறக்குவது. எங்கிருந்து வந்த கோப்பு என்றே தெரியாது. அதில்தான் ஊர்க்காரர்களின் வங்கிக் கணக்கு எண்ணைத் தட்டப் போகிறோம். நல்ல கோப்பாகவே இருந்தாலும், 2019-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 67-இலிருந்து, புதிய பதிப்பு தொட்ட புரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுத்து, புதிய புரொஃபைல் உருவாக்கச் சொல்லும். உருவாக்கினால் காலித் திரை. மறுபடி 'எல்லாம் காணும்' கதை. அடிக்கடி மாறுவது வேண்டாம் என்றால் ஃபயர்ஃபாக்ஸிலேயே ஈஎஸ்ஆர் என்ற நீண்டகாலப் பதிப்பு இருக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும். தோற்றம் ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறைதான் மாறும். மையம் நடத்துபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

'பழைய தோற்றத்தை மீட்டுத் தரும்' என்று சொல்லும் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரௌசரோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள், விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒரு காலத்தில் அது நடந்தது. 2014-இல் ஃபயர்ஃபாக்ஸ் 29 டேப்களை வளைத்தபோது, கிளாசிக் தீம் ரெஸ்டோரர் என்ற எக்ஸ்டென்ஷன் பழைய முகத்தை அப்படியே கொண்டுவந்தது. 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 வந்ததும் அந்த வகை எக்ஸ்டென்ஷன்களுக்கே கதவடைத்தார்கள். இன்று எக்ஸ்டென்ஷனால் நிறம் மாற்றலாம், புதிய டேப் பக்கத்தை மாற்றலாம். டேப்பின் வடிவத்தையோ மெனுவின் இடத்தையோ தொட முடியாது. குரோமிலும் அப்படித்தான். ஆகவே முடியாததை முடியும் என்று சொல்லி ஒன்று வந்தால், அது கேட்கும் அனுமதியைப் படியுங்கள். 'எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' என்று இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு பட்டனின் இடத்துக்காக விவசாயியின் ஆதார் எண்ணை யாருக்கோ திறந்துவிட நமக்கு உரிமை இல்லை.

உள்ளமைப்புகளில் கைவைப்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். எங்கள் மையத்தில் இரண்டு திரைகள் 1366-க்கு 768 அளவுள்ள பழையவை. 2021 ஜூனில் ஃபயர்ஃபாக்ஸ் 89 மேல்பட்டையைத் தடிமனாக்கியபோது, படிவத்தில் கடைசி வரியான 'சமர்ப்பி' பட்டன் கீழே போய் ஒளிந்துகொண்டது. பட்டையின் தடிமனைக் குறைக்கும் 'காம்பாக்ட்' தேர்வையும் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்திருந்தார்கள். முகவரிப் பட்டையில் அபவுட்:கான்ஃபிக் (about:config) என்று தட்டி உள்ளமைப்புப் பக்கத்துக்குப் போய், 'காம்பாக்ட்மோட்' (compactmode) என்று தேடி, 'ஷோ' என்று முடியும் வரியை ட்ரூ ஆக்கினேன். பிறகு கஸ்டமைஸ் திரையின் அடியில் டென்சிட்டியில் காம்பாக்ட் வந்தது. மிச்சமானது இரண்டு விரல்கடை இடம்கூட இல்லை, ஆனால் சமர்ப்பி பட்டன் தெரிந்தது.

தவறு எங்கே வருகிறதென்றால், எவரோ கொடுத்த பத்து வரியை ஒரே மூச்சில் மாற்றுவதில். பிறகு அச்சு எடுக்கும் சாளரம் திறக்கவில்லை என்றால் எந்த வரியால் என்று யாருக்குத் தெரியும்? ஒரு நேரத்தில் ஒன்று. மாற்றியதை நோட்டில் தேதியோடு எழுதி, ஒரு நாள் வேலை செய்து பார்த்து, பிறகு அடுத்தது. குரோமின் ஃபிளாக்ஸ் பக்கத்தை இன்னும் குறைவாக நம்புங்கள். அவை சோதனைக்கான தற்காலிக விசைகள். 2023-இல் குரோம் தன் முகத்தை மாற்றியபோது பலர் அங்கே போய் அதை அணைத்து வைத்தார்கள். சில மாதங்களில் அந்த விசையே காணாமல் போனது.

எழுத்து சிறிதாகிவிட்டால் அது ஜூமாக இருக்கலாம். கன்ட்ரோலோடு பூஜ்யத்தை அழுத்திப் பாருங்கள்.

இன்னொன்று, நேரம். அப்டேட் காத்திருக்கிறது என்று மெனு பட்டனில் அடையாளம் தெரிந்தால், மாலையில் கடைசி ஆள் போனபிறகு பிரௌசரை மூடித் திறந்துவிடுங்கள். மாறியது என்ன என்று அப்போதே தெரிந்துவிடும், திண்ணையில் யாரும் இருக்க மாட்டார்கள். இப்போது கடை சாத்துவதற்கு முன் அந்தப் பெண்தான் இதைச் செய்கிறாள். வாரக் கடைசியில் பென்டிரைவில் புக்மார்க் எடுப்பதும் அவளேதான்.