வீட்டில் கட்டிய குவாட்காப்டரில் அதிர்வைக் குறைக்கும் முறை

உயரத்தைத் தானே காக்கும் பறப்பு முறைக்கு மாற்றிய உடனே குவாட்காப்டர் கட்டுக்கடங்காமல் மேலேறத் தொடங்கினால், பெரும்பாலோர் முதலில் காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தை அளக்கும் பேரோமீட்டரைத்தான் சந்தேகிக்கிறார்கள். தண்டையார்பேட்டையில் நான் கட்டிய முதல் குவாட்காப்டர் இப்படி ஏறியபோது நானும் பேரோமீட்டரின் மேல் பஞ்சு ஒட்டிப் பார்த்தேன், பயனில்லை. உண்மையான காரணம் அதிர்வு. பறப்பைக் கட்டுப்படுத்தும் சிறு கணினியான ஃபிளைட் கன்ட்ரோலர், ஆக்சலரோமீட்டர் என்ற உணரி காட்டும் முடுக்கத்தை முக்கியமாக வைத்தே செங்குத்து வேகத்தைக் கணக்கிடுகிறது. அதிர்வு மிகுந்து அந்த அளவீடு பிசகினால், கருவி கீழே இறங்குவதாக எண்ணி மோட்டார்களின் விசையைக் கூட்டிக்கொண்டே போகும்.

ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். துறைமுகமும் எண்ணூர் அனல்மின் நிலையங்களும் அருகிலுள்ள வடசென்னையில், பறக்கவிடும் இடத்தை, ட்ரோன்களுக்கான அரசுத் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் சரிபார்ப்பது கட்டாயம். கடற்காற்று எழுவதற்கு முன், காலையில், ஓரிரு நிமிடங்கள் ஒரே இடத்தில் மிதக்கவிட்டு இறக்கி, கன்ட்ரோலரில் ஓடும் ஆர்டுபைலட் மென்பொருளின் பறப்புப் பதிவில் உள்ள அதிர்வு வரைபடத்தைத் திறவுங்கள். மூன்று அச்சுகளிலும் அளவு 30-க்குக் கீழ் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. 60-ஐத் தாண்டினால் உயரத்தையோ இடத்தையோ காப்பதில் அநேகமாகச் சிக்கல் வரும். ஆக்சலரோமீட்டர் தன் எல்லையை முட்டிய தடவைகளைக் காட்டும் கிளிப்பிங் எண்ணிக்கை பறக்கும்போது ஏறிக்கொண்டே போவதும் கெட்ட அறிகுறிதான்.

அதிர்வு பிறக்கும் இடம் பெரும்பாலும் புரொப்பல்லர். பத்து அங்குல மலிவு புரொப்பல்லர்கள் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே சமநிலையில் இருப்பது அரிது. மையத் துளையில் இறுக்கமாகப் பொருந்தும் நேரான எஃகுக் கம்பி ஒன்றைச் செருகி, ஒரே உயரமுள்ள இரண்டு எவர்சில்வர் டம்ளர்களின் விளிம்பில் கம்பியின் இரு முனைகளையும் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். தாழும் இதழே கனமானது. இலேசான இதழின் மேற்பரப்பில் செலோடேப்பைச் சிறு துண்டுகளாக ஒட்டிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும். பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். அடுத்து புரொப்பல்லரைச் செங்குத்தாக நிறுத்திப் பார்க்க வேண்டும். அது ஒரு பக்கம் சாய்ந்தால் நடுக்குமிழின் அந்தப் பக்கம் கனம் என்று பொருள், எதிர்ப்பக்கத்தில் ஒரு துளி பசை வைத்தால் சரியாகும். துளைக்கும் மோட்டார் தண்டுக்கும் இடையே போடும் பிளாஸ்டிக் வளையம் தளர்வாக இருந்தால், எவ்வளவு துல்லியமாகச் சமப்படுத்தினாலும் மையம் விலகிச் சுழலும் என்பதையும் கவனியுங்கள். விளிம்பு நைந்த அல்லது விரிசல் கண்ட புரொப்பல்லரைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

பிறகு மோட்டார். புரொப்பல்லர்களைக் கழற்றிய பின்னரே மோட்டார்களை ஒவ்வொன்றாக ஓட்டி, அதைத் தாங்கும் ஃப்ரேமின் கையில் விரலை வைத்து உணருங்கள். ஒன்று மட்டும் கரகரத்தால் பேரிங் தேய்ந்திருக்கும். தண்டின் நுனி ஆடித் தெரிந்தால் தண்டு வளைந்திருக்கும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று பேரிங்கைத் துருப்பிடிக்கச் செய்வதால், மொட்டை மாடியிலோ திறந்த அலமாரியிலோ கருவியை வைக்காமல் மூடிய டப்பாவில் வைப்பது நல்லது. துருப்பிடித்த பேரிங்கிற்கு எண்ணெய் விட்டுச் சமாளிப்பதைவிட மாற்றிவிடுவதே என் பரிந்துரை.

ஃப்ரேமில் பார்க்க வேண்டியது குறைவு: கைகள் ஆடக்கூடாது, மோட்டார் திருகுகள் தளரக்கூடாது, பேட்டரி பட்டையில் அசையக்கூடாது.

இவ்வளவும் முடிந்த பின்னரே ஃபிளைட் கன்ட்ரோலரின் அடியில் ஃபோம் வைப்பதைப் பற்றி யோசியுங்கள். அடிப்பகுதி முழுவதும் ஒட்டினால் பிடிப்பு விறைப்பாகி அதிர்வு கடந்துவிடும். நான்கு மூலைகளிலும் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் சதுரத் துண்டுகள் போதும். க்யூப் போல உள்ளேயே அதிர்வுத் தடுப்பு உள்ள கன்ட்ரோலருக்கு இது தேவையில்லை. விறைப்பான வயர்கள் ஃப்ரேமின் அதிர்வை நேராகக் கன்ட்ரோலருக்குக் கொண்டுபோகும் என்பதால், மெல்லிய பல இழை வயர்களைத் தளர்வான வளைவு விட்டு இணையுங்கள். ஃபோமை மாற்றியும் அளவு குறையாமல் நான் குழம்பியபோது, இழுத்துக் கட்டியிருந்த ஜிபிஎஸ் வயர்தான் காரணமாக இருந்தது.

மிச்சமிருக்கும் அதிர்வை, குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் நீக்கும் மென்பொருளின் நாட்ச் ஃபில்டர் வடிகட்டும். மோட்டார் நிமிடத்திற்கு 6,000 சுற்று சுழன்றால் அடிப்படை அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ். இரண்டு இதழ்கள் இருப்பதால் 200 ஹெர்ட்ஸிலும் ஒரு முகடு தெரியும். விசையைக் கூட்டும்போது இந்த எண்கள் நகர்வதால், மோட்டார் வேகத்தைத் தொடர்ந்து செல்லும் ஹார்மோனிக் வகையைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் இந்த ஃபில்டர் முக்கியமாகச் சுழற்சியை அளக்கும் ஜைரோவின் அளவீட்டைத்தான் சுத்தம் செய்யும். ஆகவே ஆக்சலரோமீட்டரின் கிளிப்பிங் எண்ணிக்கை இன்னும் ஏறிக்கொண்டிருந்தால், டம்ளர்களை மீண்டும் எடுத்து வைத்துப் புரொப்பல்லரிலிருந்தே தொடங்குங்கள்.