மாலை 7 மணி வகுப்பு அதிகாலை 3 மணிக்குக் காட்டியது

நான்கு நாள் விரயத்துக்குப் பிறகு இன்றுதான் சரியானது. பகுதிநேர முதுகலை வகுப்பு அட்டவணைக் கோப்பை கூகுள் காலண்டரில் ஏற்றினேன். செவ்வாய் மாலை 7 மணி வகுப்பு புதன் அதிகாலை 3 மணிக்குப் போய் உட்கார்ந்தது. மாலை காலியாகத் தெரிந்ததால் இரண்டு நேர்காணல்களுக்கு அதே நேரத்தைக் கொடுத்துவிட்டேன்.

செயலியை அழித்து மீண்டும் போட்டும் பயனில்லை. நேர மண்டலத்தை மாற்றினால் வகுப்பு சரியாகும், ஆனால் கையால் பதிந்த அம்மாவின் பாலிகிளினிக் நேரம் காலை 10 மணியிலிருந்து அதிகாலை 2 மணிக்கு ஓடும்.

வித்தியாசம் சரியாக 8 மணி நேரம். அதுதான் துப்பு. கோப்பை நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு நேரத்தின் கடைசியிலும் 'இசட்' (Z) எழுத்து. அது இருந்தால் உலகப் பொது நேரம் என்று பொருள். சிங்கப்பூர் அதைவிட 8 மணி நேரம் முன்னால்.

வகுப்பு தொடங்கும், முடியும் நேரங்களைக் குறிக்கும் டிடிஸ்டார்ட் (DTSTART), டிடிஎண்ட் (DTEND) வரிகளில் மட்டும் அந்த எழுத்தை நீக்குங்கள். பதிவு உருவான நேரத்தைக் குறிக்கும் டிடிஸ்டாம்ப் (DTSTAMP) வரியைத் தொடக்கூடாது, அங்கே அது இருந்தே ஆக வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றியதில்தான் என் முதல் முயற்சி கெட்டது. பிறகு சிங்கப்பூர் நேரத்தில் தனிக் காலண்டர் ஒன்று தொடங்கி அதில் ஏற்றுங்கள். தவறினால் அந்தக் காலண்டரை மட்டும் அழித்தால் போதும்.