பிரதமர் விமானமா, பயணிகள் விமானமா?

இந்திய விமானப்படையின் விவிஐபி விமானங்களை அடையாளம் காண, முதலில் உடலின் பின்பகுதியில் உள்ள பதிவெண்ணைப் பாருங்கள். இந்தியப் பயணிகள் விமானம் என்றால் 'விடி' (VT) என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். விமானப்படையின் இந்த விவிஐபி ஜெட்கள் என்றால் 'கே' (K) எழுத்தும் நான்கு இலக்கங்களும் இருக்கும். வண்ணப்பூச்சு மாறலாம், அதனால் என் கண் எப்போதும் முதலில் எண்ணுக்குத்தான் போகும்.

2020-இல் வந்த இரண்டு போயிங் 777-300ஈஆர் விமானங்களின் எண்கள் கே7066, கே7067. பக்கவாட்டில் 'பாரத்' என்று இந்தியிலும், 'இந்தியா' என்று ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதியிருக்கும். நடுவில் அசோகச் சின்னம், வாலில் தேசியக்கொடி. ஏவுகணைத் தற்காப்புக் கருவிக்கான புடைப்புகள் உடலில் தெரியும். சாதாரண 777-இல் அவை கிடையாது.

சிறியவை மூன்று போயிங் பிசினஸ் ஜெட்கள், கே5012 முதல் கே5014 வரை. இவற்றைத்தான் பலர் சாதாரண போயிங் 737 பயணிகள் விமானம் என்று நினைத்துவிடுகிறார்கள். உடல் 737-700-இன் அளவுதான். இறக்கைக்கு மேல் பக்கத்துக்கு ஒரு அவசர வழிதான் இருக்கும், 737-800-இல் இரண்டு. ஆனால் பயணிகள் சேவையிலும் 737-700 உண்டு. சந்தேகம் வந்தால் திரும்பவும் பதிவெண்ணுக்கே போங்கள்.

அப்புறம், டெல்லி பாலம் போன்ற விமானப்படைத் தளங்களில் அனுமதி இல்லாமல் கேமராவைத் தூக்க வேண்டாம்.