டிசம்பரில் வடசென்னைக்கு வருகிறீர்களா? பெட்டியில் ஒரு டார்ச் இருக்கட்டும்

பிள்ளைகளுக்கு டிசம்பர் லீவு விடும் நேரம், சென்னையில் வடகிழக்குப் பருவமழை இன்னும் ஓய்ந்திருக்காது. வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்கப்போகிறவர்கள் அவசியம் ஒரு எல்.இ.டி. டார்ச் எடுத்து வாருங்கள். தெருவில் தண்ணீர் ஏறினால், ஷாக் அடித்துவிடக் கூடாது என்று மின்வாரியமே கரண்ட்டை நிறுத்திவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல தெருக்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன.

செல்போனில்தான் லைட் இருக்கிறதே என்பீர்கள். அந்த நேரத்தில் போனில் மிச்சமிருக்கும் சார்ஜ் பேசுவதற்கே பத்தாது. கை நழுவித் தண்ணீரில் விழுந்தால் போனும் போச்சு.

பழைய குண்டு பல்பு டார்ச்சில் பேட்டரியின் சக்தி பெரும்பாலும் சூடாகவே வீணாகும். எல்.இ.டி. அதே பேட்டரியில் பல மடங்கு நேரம் எரியும். கீழே விழுந்தாலும் அறுந்துபோக உள்ளே இழை கிடையாது.

எந்த வகை வாங்குவது? ஏஏ பென்சில் பேட்டரி போடுவதுதான் என் முதல் தேர்வு. சார்ஜ் போட வழியில்லாத நாளிலும் தெருமுனைக் கடையில் இந்த பேட்டரி கிடைக்கும். 18650 என்ற, சார்ஜ் ஏற்றிப் பயன்படுத்தும் லித்தியம் செல் போடுவது வெளிச்சத்தில் கில்லாடிதான், ஆனால் அந்த செல் மளிகைக் கடையில் கிடைக்காது. வெளிச்சத்தை லூமன் என்ற அளவில் சொல்வார்கள்; வீட்டுக்குள் 100 லூமன் தாராளம். டார்ச்சை நிமிர்த்தி வைத்து வெள்ளைக் கூரையில் அடித்தால் அறை முழுக்க வெளிச்சம் பரவும். தெருவுக்கு 300 இருந்தால் நல்லது. மலிவு டார்ச் அட்டையில் பத்தாயிரம் லூமன் என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். தண்ணீர் தாங்கும் தரத்தை ஐபிஎக்ஸ் எண்ணில் போட்டிருப்பார்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் தூறல், சாரல் தாங்கும். ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பிழைக்கும், அதையே கேளுங்கள்.

தலையில் மாட்டும் ஹெட்லைட்டும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது. அடிபம்பில் பிடித்த குடத்தைச் செங்குத்தான குறுகல் மாடிப்படியில் தூக்கி ஏற இரண்டு கையும் வேண்டும்.

தேங்கிய தண்ணீரில் இரவு நடக்காமல் இருப்பதே நல்லது. போயே ஆகவேண்டும் என்றால், கலங்கிய தண்ணீருக்குள் எந்த டார்ச்சும் தரையைக் காட்டாது. குச்சியால் ஊன்றிப் பார்த்து நடங்கள். வெளிச்சத்தைச் சற்றுத் தூரமாக அடியுங்கள். தண்ணீருக்கு நடுவே மரக்கிளை நட்டிருந்தால் அங்கே மூடி திறந்த பாதாளச் சாக்கடை இருக்கிறது என்று அர்த்தம். தெருவோர மின்பெட்டி கண்ணில் பட்டால் கிட்டப் போகாதீர்கள். அறுந்த வயரைப் பார்த்தால் மின்வாரியத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

விமானத்தில் உதிரி லித்தியம் செல்லைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி. வந்தபிறகு வாங்குவதானால் பீச் ஸ்டேஷன் பக்கத்தில் பர்மா பஜார் இருக்கிறது. கடையிலேயே எரியவிட்டுப் பார்த்து, பேரம் பேசி வாங்குங்கள்.

ஊருக்குத் திரும்பும்போது டார்ச்சை அத்தையிடமோ சித்தியிடமோ கொடுத்துவிட்டு வாருங்கள். பேட்டரியைக் கழற்றித் தனியாக வைக்கச் சொல்லுங்கள். உள்ளேயே கிடந்தால் கசிந்து டார்ச்சைக் கெடுத்துவிடும்.